ஊட்டையும் காணோம், சாமியும் காணோம்

எங்கள் வீட்டில் சண்டைக்காரி நான்தான். என் தம்பி பொறுமைசாலி. போன மாசியில் அவன் சேலத்திலிருந்து போன் செய்து, "அக்கா, அப்பாவுக்கு ஆள் மறந்து போகுதுக்கா. இனித் தனியா உடக் கூடாது. ஊட்டைப் பூட்டிட்டு இங்க கூட்டிட்டு வந்துடறேன்" என்றபோது நான் அவனை மேலே பேச விடவில்லை. மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்கிறவனுக்கு என்ன தெரியும், மறதி அப்பாவுக்கு இல்லை, பெற்றவரை மறந்தவன் நீதான் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. "நீ நாலு நாள் கூடவே இருந்து பாருக்கா" என்று மட்டும் சொன்னான். அந்த நிதானம்தான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

அப்பா நாமக்கல்லுக்கும் பரமத்திக்கும் நடுவே எங்கள் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தார். அம்மா போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவர், தன் வேலையைத் தானே பார்த்துப் பழகியவர். சோறு அவரே வடித்துக்கொள்வார். நாமக்கல்லிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் போய்க் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு வருவேன். வாசலில் என் ஸ்கூட்டர் நின்றதும் "வா சாமி" என்பார். "சாப்டியா சாமி" என்பார். கிளம்பும்போது "பாத்துப் போ சாமி" என்பார். ஆளை மறந்தவர் இப்படியா கூப்பிடுவார்? தம்பியிடம் நான் கேட்டதும் இதைத்தான்.

மற்ற ஊர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் சாமி என்றால் கோயிலில் இருப்பது மட்டும் இல்லை. பெற்ற பிள்ளையும் சாமி, எண்பது வயதுப் பெரியவரும் சாமி, வழி கேட்க வந்தவரும் சாமி. கூப்பிடுகிறவர் மனதில் கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும், எதிரில் நிற்கிற யாரும் சாமிதான். பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுத்த நாளுக்குப் பிறகு அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை.

தம்பியிடம் ஒரு பந்தயம் போட்டேன். அஞ்சு நாள் அப்பா எங்களோடு வெளியூரில் இருக்கட்டும், ஒரே ஒரு தடவை ஆளை மறந்தாலும் நானே சேலத்தில் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன், மறக்கவில்லை என்றால் இந்தப் பேச்சை நீ எடுக்கவே கூடாது என்றேன். அவன் சரி என்றான். அவனுக்கு ஜெயிக்கிற ஆசை எதுவும் இல்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. தோட்டத்து வீடு பூட்டப்படாமல் இருக்க வேண்டும், அதில் அப்பா "வா சாமி" என்று சொல்லிக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வெளியூர் என்று நான் சொன்னது ராமேஸ்வரம் தீவை. என் வீட்டுக்காரர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். இப்போது ஆளாளுக்கு வண்டிக்குள் வீடு கேட்கிறார்கள் என்று, ஒரு பழைய வேனை வாங்கி உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் வைத்து ஒரு கேரவன் கட்டியிருந்தார். அதை நாலு ஊர் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்பாவுக்கும் அந்தத் தீவின்மேல் ஒரு கண் இருந்தது. "காஷ்மீர் வரைக்கும் லோடு கொண்டு போயிருக்கறன். ரோடு தீந்து போற எடத்தை மட்டும் பாத்ததில்ல" என்று அம்மா இருந்த காலத்திலேயே சொல்லுவார். தனுஷ்கோடிக்கு அப்பால் ரோடு கடலுக்குள் முடிகிறது என்று யாரோ டிரைவர் சொல்லியிருக்கிறார். கோயில், தீர்த்தம் எதுவும் அவருக்குக் கணக்கில்லை. ரோடு முடிகிற இடம்தான் வேண்டும்.

கிளம்பும் நாள் தெருவே வாசலில் நின்றது. "ஷூட்டிங்குக்குப் போறியா புள்ள?" என்று கேட்காத ஆள் இல்லை. அப்பா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பக்கவாட்டுக் கண்ணாடியை அவருக்கு வாகாகத் திருப்பி வைத்துக்கொண்டார். ஓட்டுவது என் வீட்டுக்காரர், கண்ணாடி பார்ப்பது அப்பா. கரூர், திண்டுக்கல், மதுரை என்று போகப் போக எந்த ஏற்றத்தில் எந்த கியர், எந்த ஊரில் எந்தப் பக்கம் டீக்கடை என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் பின்னால் உட்கார்ந்து மனதுக்குள் தம்பியிடம் பேசிக்கொண்டு வந்தேன். பார்த்தாயா, கேட்டாயா என்று.

ஒரே ஒரு தகராறு. வண்டிக்குள் இருந்த கக்கூஸை அப்பா தொடவே மாட்டேன் என்றார். "ஓடற ஊட்டுக்குள்ள எப்படிச் சாமி, அசிங்கம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்ரோல் பங்க் பெட்ரோல் பங்காக நிறுத்தினோம். என் வீட்டுக்காரர் அத்தனை பாடுபட்டுக் கட்டிய சமாச்சாரம் அது. அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து நான் சிரித்தேன்.

பாம்பன் பாலத்தில் ஏறியதும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு பக்கமும் தண்ணீர். வண்டிகளை ஓரமாக விட்டுவிட்டுச் சனம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. பாலம் இறங்கும்போதுதான், "ஒதுங்கறதுக்கு எடமே இல்லையே சாமி" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். எனக்கு அது காதில் இனிப்பாக விழுந்தது. கல்யாணமான நாள் முதல் மாப்ளை, மாப்ளை என்றுதான் அவரைக் கூப்பிட்டு வந்தார். இப்போது அவரும் சாமி ஆகிவிட்டார். வயதாக ஆக அப்பாவுக்குப் பாசம் கூடுகிறது என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

முதல் இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. தங்கச்சிமடத்தில் தென்னந்தோப்பு ஓரம் நின்றோம். குந்துகாலில் படகுகள் கரை சேருவதைப் பார்த்தோம். வலை இழுக்கிறவர்கள் பக்கத்தில் போய் நின்று, அப்பா எத்தனை பேர் இழுக்கிறார்கள், எவ்வளவு எடை என்று கேட்டார். மீன் வாங்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். சாமி கும்பிட்டுவிட்டுத்தான் கவிச்சி, அதுவரை வாயைக் கட்டு என்றேன். சாமி கும்பிடப் போவது யார் என்று அவர் கேட்டார். இருந்தாலும் மீன் வாங்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் கடற்கரை ஓரம் வண்டியைத் திருப்பும்போது பின் சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு வண்டி கட்டத் தெரியும், மணலில் ஓட்டத் தெரியாது. முறுக்க முறுக்கச் சக்கரம் இன்னும் புதைந்தது. அப்பா கீழே இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அக்சிலேட்டரை உடு சாமி, மிதிக்காத. பின்னால ரெண்டு டயர்லயும் காத்தை எறக்கு. பாதிக்குப் பாதி எறங்கோணும்" என்றார். பிறகு அவரே போய்த் தென்னை மட்டைகளை இழுத்து வந்து சக்கரத்துக்கு முன்னால் போட்டார். "ஸ்டேரிங்க நேரா புடி. செகண்ட் கியர். தூக்கம் கலையாம போறாப்புல மெல்ல வா." வண்டி மெல்ல வந்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அப்பா வேட்டியில் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, காற்றடிக்கிற பம்பு எங்கே என்று கேட்டார்.

நான் உடனே தம்பிக்குப் போன் போட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன். "இவரைத்தான் பூட்டி வெக்கோணும்னு சொன்னியா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "வண்டி மறக்காதுக்கா. அது கையில இருக்குது" என்றான். பிறகு, "உன்னைய என்னன்னு கூப்படறாரு?" என்று கேட்டான். "எப்பவும் போலத்தான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஓலைக்குடாவில் இருந்தோம். ராமேஸ்வரம் ஊருக்கு வடக்கே மீனவர்கள் குடியிருக்கிற சின்ன ஊர். அலையே இல்லாமல் கடல் குளம்போலக் கிடந்தது. காலையில் வண்டித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. நிரப்பிக்கொண்டு வருகிறேன் என்று என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனார். நானும் அப்பாவும் ஒரு கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். வண்டி நின்ற இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். நாலு வீடு தள்ளி ஒரு அம்மா இட்லி சுடுவதைப் பார்த்து, வாங்கி வருகிறேன், இங்கேயே இருங்கப்பா என்று சொல்லிவிட்டுப் போனேன். அப்பாவும் தலையாட்டினார். அங்கே இட்லி வேகக் காத்திருந்தேன். கால் மணி நேரம் இருக்கும், கூடுதலாகவும் இருக்கலாம்.

திரும்பி வந்தால் படகு நிழலில் அப்பா இல்லை. வண்டி நின்ற இடத்துக்கு ஓடினேன். அங்கேயும் இல்லை. மணலில் டயர் தடம் மட்டும் இருந்தது. கடலைப் பார்த்தேன். ஓடிய ஓட்டத்தைவிட அந்த ஒரு பார்வைதான் என் உயிரைப் பாதி எடுத்துவிட்டது. கையில் இட்லிப் பொட்டலத்தோடு அப்பா, அப்பா என்று கத்திக்கொண்டு கரையில் இப்படியும் அப்படியும் ஓடினேன்.

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைக் கைகாட்டி நிறுத்தினாள். "வெள்ளை வேட்டி கட்டின ஐயாவா? அவுகளை இப்பத்தான் ஆட்டோவுல ஏத்தி விட்டோம்" என்றாள்.

"எங்கீங்க ஏத்தி உட்டீங்க?"

"கோயிலுக்குத்தான். சாமியைக் காணோம், சாமி எங்கன்னு கேட்டுக்கிட்டு நின்னாக. பெரிய கோயிலுக்குப் போகணுமாக்கும், வழி தப்பி வந்துட்டாகன்னு நினைச்சோம். அந்தப் பக்கமாப் போன ஆட்டோக்காரர் நான் விட்டுடுறேன்னு ஏத்திக்கிட்டாரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அது நானுங்க. சாமின்னா நான். அவரு என்னையத் தேடியிருக்கறாரு" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டாள். "ஆத்தி, எங்களுக்கு எப்படித் தெரியும்? ஊட்டையும் காணோம், சாமியும் காணோம்னாக. ஊட்டுன்னா என்னன்னே எங்களுக்கு விளங்கல. சந்தேகமா இருந்துச்சுன்னு, கூட யாரு வந்தா, மகனா மகளான்னு கேட்டேன். சாமின்னாக. அவுக பேரு என்னன்னு கேட்டேன். அதுக்கும் சாமின்னாக. பேரு, பேரு சொல்லுங்கய்யான்னு ரெண்டு மூணு தடவை கேட்டேன். பேசாம நின்னாக. கண்ணுல தண்ணி வந்துருச்சு. பெரிய வேண்டுதல் போலிருக்குன்னு நினைச்சுட்டேன்."

ஊடு என்று அவர் சொன்னது எங்கள் வண்டியை. மூன்று நாளில் நான் பெருமைப்பட்ட அத்தனையும் அந்த இடத்தில் நின்றுபோயிற்று. வா சாமி. சாப்டியா சாமி. ஒதுங்க எடமில்லையே சாமி. அக்சிலேட்டரை உடு சாமி. எங்கள் ஊரில் யார் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளாமல் ஒரு மனிதர் எத்தனை வருடம் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கூப்பிடக் கூப்பிட உள்ளம் குளிர்ந்துகொண்டு இருப்பார்கள். அந்தத் தீவில் ஒருத்தி, எங்கள் பேச்சு தெரியாத ஒருத்தி, பேரு என்ன என்று நேராகக் கேட்டாள். அதைக் கேட்க எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் வண்டியோடு வந்தார். இருவரும் கோயில் பக்கம் போனோம். கிழக்கு வாசலில் எங்கே பார்த்தாலும் ஈரத் துணியோடு சனம். இந்தி, தெலுங்கு, எல்லா பாஷையும் கேட்டது. நான் ஒவ்வொரு வெள்ளை வேட்டியாகப் பார்த்துக்கொண்டு ஓடினேன். கடைசியில் அக்னி தீர்த்தக் கரையில், படிக்கட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார். முழங்கால்வரை வேட்டி நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா சாமி" என்றார்.

அப்போது கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. என் புத்தி அப்படி. எதிரில் நின்று, "நான் யாருங்கப்பா?" என்று கேட்டேன்.

"என்ன சாமி இது?"

"நான் யாருன்னு சொல்லுங்க. என்ற பேரச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். செக்போஸ்டில் பேப்பர் இல்லாமல் மாட்டிக்கொண்டால் சமாளிக்கிற சிரிப்பு என்று அவரே நடித்துக் காட்டியிருக்கிறார். "சாமிக்குப் பேரு எதுக்கு" என்றார். நான் விடவில்லை. பேரைச் சொல்லுங்க, பேரைச் சொல்லுங்க என்று குரலை உயர்த்தினேன். குளிக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பக்கத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். யாராவது எடுத்துக் கொடுக்க மாட்டார்களா என்று பார்த்தார்.

"போதும் புள்ள, உடு" என்று என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். அவர் என்னை அதட்டிச் சொல்வது அபூர்வம். நான் நிறுத்தினேன். அன்று அந்தப் படிக்கட்டில் அப்பாவை நான் நிற்க வைத்துக் கேள்வி கேட்டதற்கு இன்றுவரை எனக்கு மன்னிப்பு இல்லை. அவர் தன்னிடம் இல்லாததைத் தேடிப் பார்த்தார். அதைப் பத்துப் பேர் பார்க்கும்படி செய்தேன்.

மத்தியானம் தனுஷ்கோடிக்குப் போனோம். அவர் ஆசைப்பட்ட இடம் என்று என் வீட்டுக்காரர்தான் வற்புறுத்தினார். ரோடு நேராகப் போய், கடலுக்கு முன்னால் ஒரு வட்டம் போட்டுத் திரும்பி வந்துவிடுகிறது. அப்பா சன்னல் வழியாகப் பார்த்தார். "இதா?" என்றார். "தீரலையே. திரும்பி வருதே." இறங்கக்கூட இல்லை.

அங்கிருந்து தம்பிக்குப் போன் செய்தேன். காற்றில் பாதி கேட்கவில்லை. நீ சொன்னதுதான் சரி, வீட்டைப் பூட்டிவிடலாம் என்றேன். ஜெயித்தவன்போல அவன் பேசவில்லை. "என்ற பேரு அவருக்கு மறந்து போயி ஒரு வருசம் ஆச்சுக்கா" என்றான். "உனக்கும் அப்படித்தான்னு எனக்குத் தெரியும். நீயே தெரிஞ்சுக்கட்டும்னுதான் இருந்தேன். போன்ல எப்படிச் சொல்றது?" நான் அவனைத் திட்டிய அத்தனை வசவும் எனக்கு ஞாபகம் வந்தது. மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அவன் வேறு பேச்சுக்குப் போய்விட்டான். தன் வீட்டு மேல் அறையில் கட்டில் போட்டிருப்பதாகவும், மாடிப்படிக்குக் கம்பிக் கதவு வைத்திருப்பதாகவும் சொன்னான்.

அஞ்சு நாள் என்றது நாலாம் நாளே முடிந்தது. ஊருக்குத் திரும்பும் வழியில் பரமக்குடி தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, உள்ளே அடுப்பு பற்ற வைத்து ரசமும் சோறும் ஆக்கினேன். என் வீட்டுக்காரர் வெளியே டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தட்டில் போட்டுக் கொடுத்தேன். அவர் சோற்றைத் தொடாமல் இருந்ததால் நானே பிசைந்து ஊட்டினேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு என் முகத்தையே பார்த்தார். சாமி என்று சொல்லவில்லை. அந்தப் படிக்கட்டுக்குப் பிறகு அவர் என்னை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை. அந்தச் சொல்லைக் கொண்டு தப்பிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போலும்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

வேற்று ஆளிடம் பேசுகிற மரியாதை அதில் இருந்தது. இந்த முறை நான் கோபப்படவில்லை. "நாமக்கல் பக்கமுங்க" என்றேன்.

"அட, நம்ம பக்கந்தான்." அவருக்குச் சந்தோஷம். இன்னொரு வாய் வாங்கிக்கொண்டார். "அப்பா இருக்கறாருங்களா?"

"இருக்கறாருங்க."

"போனா அவருகிட்டச் சொல்லுங்க. வழியில பாத்த ஒரு டிரைவர் சொன்னாருன்னு சொல்லுங்க. புள்ளையத் தங்கமா வளத்திருக்கறாரு."

வாயைத் துடைத்துவிட்டேன்.

"சொல்றனுங்க" என்றேன்.